கண்ணாடிச் சீட்டு சொல்வதும் சொல்லாததும்

சென்ற ஆண்டு எமது கண் பிரிவுக்கு ஒருவர் நான்கு மூக்குக் கண்ணாடிகளை ஒரு துணிப்பையில் போட்டு எடுத்து வந்தார். வயது 54, தையல் தொழில். (அவரை அடையாளம் காட்டக்கூடிய செய்திகளைச் சற்று மாற்றியே எழுதுகிறேன்.) இரண்டரை ஆண்டுகளுக்குள் நான்கு முறை கண்ணாடி மாற்றியிருந்தார். "எந்தக் கண்ணாடியும் எனக்கு அமையவில்லை டாக்டர். பவர் பார்க்கும்போது கடைசி வரி வரை படித்துவிடுகிறேன். வீதியில் இறங்கினால் மட்டும் ஆள் மேல் மோதிக்கொள்கிறேன். படியிறங்கும்போது கால் தவறுகிறது" என்றார்.

அவருடைய பார்வையை அளந்தோம். கண்ணாடியுடன் வலக்கண் 6/6, இடக்கண் 6/9. நான்காவது கண்ணாடி மிகச் சரியாகவே செய்யப்பட்டிருந்தது. ஆனால் கண்ணின் உள் அழுத்தம் வலப்புறம் 30, இடப்புறம் 34 மில்லிமீட்டர் இருந்தது. பெரும்பாலோருக்கு அது 10 முதல் 21 வரைதான் இருக்கும். கண்ணிலிருந்து மூளைக்குச் செல்லும் பார்வை நரம்பின் முகப்பு குழிந்து வெளிறிப் போயிருந்தது. பக்கப் பார்வையை அளக்கும் கருவியில் அவரை உட்கார வைத்தபோது, சாவித் துவாரத்தின் வழியே பார்ப்பவருக்கு எவ்வளவு தெரியுமோ ஏறத்தாழ அவ்வளவே அவருக்கு எஞ்சியிருந்தது தெரிந்தது. கண் நீர் அழுத்த நோய், அதாவது கிளாக்கோமா. அதனால் இழந்த பார்வையை மருந்தாலோ அறுவை சிகிச்சையாலோ திரும்பப் பெற இயலாது. எஞ்சியிருப்பதைக் காப்பது ஒன்றே எங்களால் செய்யக்கூடியது.

அவர் கண்ணைக் கவனிக்காமல் விட்டவர் அல்லர். நான்கு முறை சென்று பரிசோதித்துக் கொண்டவர். அந்த நான்கு முறையும் அவருக்கு நடந்தது கண்ணாடிக்கான பரிசோதனை. கண்ணுக்கான பரிசோதனை அன்று. இவ்விரண்டும் வேறு வேறு என்பதை நோயாளிகளுக்கும் அவர்தம் குடும்பத்தாருக்கும் விளக்குவதற்காகவே இக்கட்டுரை.

எழுத்துப் பலகை எதை அளக்கிறது?

சுவரில் தொங்கும் எழுத்துப் பலகையை 1862-ஆம் ஆண்டு வடிவமைத்தவர் நெதர்லாந்து நாட்டுக் கண் மருத்துவர் ஹெர்மன் ஸ்நெல்லன். அதில் காணும் 6/6, 6/60 என்னும் எண்கள் பின்னங்கள் அல்ல, மதிப்பெண்களும் அல்ல. மேலுள்ள 6 என்பது நீங்கள் பலகையிலிருந்து அமர்ந்திருக்கும் தொலைவு, மீட்டரில். கீழுள்ள எண், இயல்பான பார்வை உடைய ஒருவர் அதே எழுத்தை எவ்வளவு தொலைவிலிருந்து படிப்பார் என்பது. ஆகவே 6/60 என்றால், மற்றவர் 60 மீட்டரிலிருந்து படிக்கும் பெரிய எழுத்தை நீங்கள் 6 மீட்டருக்கு நெருங்கி வந்தால்தான் படிக்க முடிகிறது என்று பொருள்.

இந்தப் பலகை அளப்பது விழித்திரையின் நடுவிலுள்ள மிகச் சிறிய ஓரிடத்தின் கூர்மையை மட்டுமே. படிப்பதும், ஊசியில் நூல் கோப்பதும், முகத்தை அடையாளம் காண்பதும் அந்த நடுப்பகுதியின் வேலை. சாலையைக் கடக்கும்போது பக்கத்திலிருந்து வரும் வண்டியையும், காலடியில் உள்ள படியையும் காட்டுவது விழித்திரையின் ஏனைய பரப்பு. கிளாக்கோமா ஓரங்களில் தொடங்கி உள்நோக்கி அரிக்கும். நடுப்பகுதியைக் கடைசியில்தான் தொடும். எனவேதான் அந்தத் தையல்காரர் கடைசி வரியைப் படித்தார். எதிரே வந்தவரைக் காணவில்லை. இத்தனைக்கும் வலி இல்லை, சிவப்பு இல்லை, நீர் வடிதலும் இல்லை. ஒரு கண்ணின் குறையை மறு கண் நிரப்பிவிடுவதால் நோயாளி பல ஆண்டுகள் எதையும் உணர்வதில்லை.

பரிசோதனை அறையில் சிறு துளைகள் இட்ட கறுப்புத் தட்டு ஒன்றைக் கண் முன் வைத்துப் படிக்கச் சொல்வதைப் பார்த்திருப்பீர்கள். பலர் அதை விளையாட்டுப் பொருள் போல வாங்கிப் பார்ப்பர். என் கணிப்பில், விலை மிகக் குறைந்ததும் பயன் மிகுந்ததுமான கருவி அதுவே. மங்கலாகத் தெரியும் ஒருவருக்கு அத்துளையின் வழியே தெளிவாகத் தெரிந்தால், குறை பெரும்பாலும் கண்ணாடியால் தீரக்கூடியது. துளையின் வழியாகவும் தெளியவில்லை என்றால், காரணம் கண்ணுக்குள் வேறெங்கோ இருக்கிறது. அப்படிப்பட்டவருக்குப் புதிய கண்ணாடி எழுதிக் கொடுத்து அனுப்புவது, கசியும் கூரைக்குச் சுண்ணாம்பு அடிப்பது போன்றது.

இன்னொன்று: தாடையை வைத்து உள்ளே ஒரு வண்ணப் படத்தைப் பார்க்கச் சொல்லும் கணினிக் கருவி சில நொடிகளில் ஒரு சீட்டைத் தருகிறது. அச்சீட்டு தொடக்கப் புள்ளி மட்டுமே. வில்லைகளை மாற்றி மாற்றி வைத்து, "இது தெளிவா, அது தெளிவா" என்று உங்களைக் கேட்டு முடிவு செய்த பின்னரே கண்ணாடியின் பவர் உறுதியாகும். கருவியின் சீட்டை மட்டும் கொண்டு, குறிப்பாகக் குழந்தைகளுக்கு, கண்ணாடி செய்தல் தவறு. குழந்தை உற்றுப் பார்க்கும்போது கண்ணின் தசை இறுகி, இல்லாத மைனஸ் பவரைக் கருவியில் காட்டும். அந்தத் தசையைத் தளர்த்தும் சொட்டு மருந்தை இட்டுப் பார்த்தால்தான் உண்மை அளவு தெரியும்.

யாரிடம் செல்கிறோம்?

நம் ஊர்களில் கண்ணைப் பார்ப்பவர் எல்லோரையும் "கண் டாக்டர்" என்றே அழைக்கிறோம். உண்மையில் மூவர் உள்ளனர். சீட்டில் உள்ளபடி வில்லையைச் சட்டத்தில் பொருத்தித் தருபவர் ஒருவர். பார்வையை அளந்து, கண்ணாடி எழுதி, கண்ணின் நலத்தை முதல்நிலையில் சோதித்து அறியப் பயின்றவர் ஆப்டோமெட்ரிஸ்ட். அதற்கென நான்கு ஆண்டுப் பட்டப் படிப்பு உண்டு. எம்.பி.பி.எஸ். முடித்து, கண் மருத்துவத்தில் மேற்படிப்புப் பெற்று, நோய்க்கு மருந்தும் அறுவை சிகிச்சையும் அளிப்பவர் கண் மருத்துவர். மூவரும் தேவையானவர்களே. இம்மூன்று வேலைகளும் ஒரே இடத்தில் நடப்பதாக நினைத்துக்கொள்வதில்தான் இடர் இருக்கிறது.

வீட்டருகே நல்ல ஆப்டோமெட்ரிஸ்ட் ஒருவர் இருப்பது ஒரு குடும்பத்துக்குப் பெரும் பேறு. தாத்தாவின் கண்ணையும் பேரனின் கண்ணையும் ஆண்டுதோறும் பார்த்து, பழைய அளவுகளை எழுதி வைத்திருப்பவருக்கு, மாற்றம் நேரும்போது அது உடனே உறைக்கும். எனக்கு வந்த பரிந்துரைக் கடிதங்களுள் மிகச் சிறந்தவை சில, சிறு நகரங்களில் பணிபுரியும் ஆப்டோமெட்ரிஸ்டுகள் கையால் எழுதியவை. "பார்வை 6/6, ஆயினும் நரம்பு முகப்பு இரு கண்களிலும் ஒன்றுபோல் இல்லை, பார்க்கவும்" என்று ஒரே வரியில் வந்த கடிதம் ஒருவருடைய கண்ணைக் காத்தது. 1976-இல் டாக்டர் கோ. வெங்கடசாமி மதுரையில் நிறுவிய அரவிந்த் கண் மருத்துவமனை பின்னர்ச் சிற்றூர்களில் பார்வை மையங்களைத் தொடங்கியதும் இந்த எண்ணத்தின் மேல்தான். பயிற்சி பெற்ற பணியாளர் அங்கே கண்ணைச் சோதிப்பார். தொலைவில் உள்ள மருத்துவர் கணினித் திரை வழியே ஆலோசனை தருவார். எல்லோரும் பெரிய மருத்துவமனைக்கு வர வேண்டியதில்லை. வர வேண்டியவர் யார் என்பது உரிய நேரத்தில் தெரிந்தால் போதும்.

ஆகவே, அடுத்த முறை கண்ணாடிக்காகச் செல்லும்போது கூச்சப்படாமல் கேளுங்கள்: "கண் அழுத்தம் பார்த்தீர்களா? உள்ளே பார்வை நரம்பைப் பார்த்தீர்களா?" இல்லை என்று விடை வந்தால் அதில் குறை காண ஒன்றுமில்லை, அந்த இடத்தில் அக்கருவி இல்லாமலிருக்கலாம். அப்படியானால் உங்கள் கண் பரிசோதனை இன்னும் முடியவில்லை என்று மட்டும் கொள்ளுங்கள். கண்ணில் காற்றை ஊதி அழுத்தம் பார்க்கும் கருவி இயல்பான எண்ணைக் காட்டினால்கூட அதுவே முடிவன்று. அழுத்தம் 21-க்குள் இருந்தும் நரம்பு நலிவடைவோர் உண்டு. நரம்பைக் கண்ணால் பார்த்தாக வேண்டும்.

பவர் மாறுவதே ஒரு செய்தி

நாற்பதை எட்டும்போது செய்தித்தாளைக் கை நீட்டிப் பிடிக்க வேண்டி வருவது சாளேஸ்வரம், அது நோயன்று. (இக்கட்டுரையின் எழுத்துப்படியை நானும் கண்ணாடி போட்டுத்தான் திருத்துகிறேன்.) அதன் பின் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை சிறிது சிறிதாகப் பவர் ஏறுவதும் இயல்பு. ஆனால் சில மாதங்களுக்குள் பவர் கணிசமாக மாறினால், கண்ணாடியை மாற்றுமுன் காரணத்தைத் தேட வேண்டும்.

இரு காரணங்களை அடிக்கடி காண்கிறோம். முதலாவது சர்க்கரை நோய். இரத்தத்தில் சர்க்கரை மிகும்போது கண்ணின் உள்வில்லை நீரேற்று உப்புகிறது. தொலைவுப் பார்வை திடீரென மங்குகிறது. தமக்குச் சர்க்கரை இருப்பதையே அறியாத சிலருக்கு அதை முதலில் உணர்த்தியது கண்ணாடியின் பவர்தான். மருந்து தொடங்கிச் சர்க்கரை இறங்கும்போது பவர் எதிர்ப்பக்கம் நகரும். அந்த இடைக்காலத்தில் செய்த கண்ணாடி சில வாரங்களில் பயனற்றுப் போகும். சர்க்கரை ஒரு நிலைக்கு வந்து சில வாரங்கள் கழிந்த பின் அளவெடுப்பதே முறை.

இரண்டாவது கண்புரை. அறுபதைக் கடந்த ஒருவர், "கண்ணாடியே இல்லாமல் பேப்பர் படிக்கிறேன், இளமை திரும்பிவிட்டது" என்று மகிழ்ச்சியோடு சொல்வதுண்டு. வில்லையின் நடுப்பகுதி முதிர்ந்து இறுகுவதால் கிட்டப்பார்வை உண்டாகி, அருகில் உள்ளது தற்காலிகமாகத் தெளிகிறது. வீட்டார் அதைக் கொண்டாடுவர். அது புரையின் வருகை. அச்சம் கொள்ள வேண்டியதில்லை. ஆனால் பரிசோதனைக்கு வர வேண்டும்.

சர்க்கரை நோயாளிகளுக்கு மட்டும் ஒரு சொல் தனியே. உங்கள் பார்வை எவ்வளவு தெளிவாக இருந்தாலும், இரண்டாம் வகைச் சர்க்கரை நோய் என்று தெரிந்த உடனேயே ஒருமுறையும், அதன்பின் ஆண்டுக்கு ஒருமுறையும், கண்மணியை விரிக்கும் சொட்டு மருந்து இட்டு விழித்திரையைப் பார்த்துக்கொள்ள வேண்டும். சர்க்கரை நோயுள்ள பெண் கருவுற்றால் முதல் மூன்று மாதங்களிலேயே பார்க்க வேண்டும். விழித்திரையின் நுண்குழாய்கள் கசியத் தொடங்கிய பின்னும் எழுத்துப் பலகையில் 6/6 படிப்போர் பலர். அந்தக் கட்டத்தில் கண்டால் லேசர் அல்லது ஊசி மருந்தால் பெரும்பாலும் பார்வையைக் காக்கலாம். பார்வை மங்கிய பின் வருபவருக்கு எங்களால் செய்ய முடிவது குறைவு.

குழந்தைகள் சொல்ல மாட்டார்கள்

பிறந்தது முதல் ஒரு கண் மங்கலாகவே உள்ள குழந்தைக்கு, இரு கண்களும் தெளிவாகத் தெரிவது எப்படி இருக்கும் என்பதே தெரியாது. அதனால் அது முறையிடாது. நல்ல கண்ணைக் கொண்டு ஓடும், ஆடும், படிக்கும். மூளை நாளடைவில் மங்கலான கண்ணின் செய்தியை ஒதுக்கிவிடப் பழகுகிறது. இதைச் சோம்பேறிக் கண் என்பர். ஏழெட்டு வயதுக்குள் கண்டுபிடித்தால், கண்ணாடி அணிவித்து, நல்ல கண்ணை நாள்தோறும் சில மணி நேரம் மூடி வைப்பதால் மங்கிய கண்ணைப் பயிற்றிவிடலாம். அதன்பின் பயன் குறைந்துகொண்டே போகும். பள்ளியில் சேர்க்குமுன் ஒவ்வொரு கண்ணையும் தனித்தனியே மூடிச் சோதிப்பது இதற்காகத்தான்.

பெற்றோர் பலர் கண்ணாடியைக் கண்டு தயங்குகிறார்கள். "இந்த வயதிலேயே போட்டால் பவர் ஏறிவிடும்" என்கிறார்கள். பெண் குழந்தை என்றால் தயக்கம் இன்னும் மிகுதி. கண்ணாடி அணிவதால் பவர் ஏறுவதில்லை. வளரும் கண்ணில் அது எப்படியும் ஏறும். தேவையான கண்ணாடியை அணிவிக்காமல் விட்டால் சோம்பேறிக் கண் உண்டாகலாம் என்பதுதான் உண்மையான அச்சம். பகல் வெளிச்சத்தில் வெளியே விளையாடுவது கிட்டப்பார்வை தோன்றுவதைக் குறைக்கிறது என்பதற்கு நல்ல சான்று உண்டு. நாளுக்கு இரண்டு மணி நேரமாவது பிள்ளைகளை வெளியே விடுங்கள்.

மாறுகண்ணை "அதிர்ஷ்டக் கண்" என்று விட்டுவைக்காதீர்கள். கண்மணியின் நடுவே வெண்மை தெரிந்தாலோ, கைப்பேசிப் படத்தில் ஒரு கண் மட்டும் வெள்ளையாக மின்னினாலோ அந்த வாரமே வாருங்கள். அது புரையாக இருக்கலாம். அரிதாக, உயிருக்கே ஊறு செய்யும் கட்டியாகவும் இருக்கலாம். குறைமாதத்தில் பிறந்த குழந்தைகளுக்கு, அதாவது 34 வாரங்களுக்குள் பிறந்தோ 2 கிலோவுக்கும் குறைந்த எடையுடன் பிறந்தோ இருந்தால், முப்பது நாட்களுக்குள் விழித்திரையைப் பார்த்தாக வேண்டும். அந்த நாளைத் தள்ளிப்போட இடமில்லை.

கண்ணாடிக் கடைக்கும் மருந்துக் கடைக்கும் செல்லக் கூடாத வேளைகள்

திடீரென ஒரு கண்ணில் பார்வை போதல். மின்னல் வெட்டுவது போன்ற ஒளியும், திரை விழுவது போன்ற மறைப்பும். தலைவலி, வாந்தியுடன் கண் சிவந்து, விளக்கைச் சுற்றி வானவில் வட்டம் தெரிதல். இவற்றுக்கு அன்றே மருத்துவமனைக்கு வர வேண்டும். கடைசியாகச் சொன்னதைப் பித்தம் என்றும் ஒற்றைத் தலைவலி என்றும் எண்ணி இரண்டு நாள் கழித்து வருகிறார்கள். அதற்குள் நரம்பு பெரிதும் கெட்டுவிடுகிறது.

வெற்றிலைக்குப் பயன்படும் சுண்ணாம்புப் பொட்டலத்தைக் குழந்தைகள் அழுத்தி விளையாடும்போது அது வெடித்துக் கண்ணில் பாயும். அப்போது வண்டியைத் தேடாதீர்கள். முதலில் நீர். கிடைக்கும் சுத்தமான நீரைக் கொண்டு இமைகளை விலக்கி, இருபது நிமிடமாவது விடாமல் கழுவிவிட்டுப் பின்னர்ப் புறப்படுங்கள். கதிர் அறுக்கும்போது நெல்லோ இலையோ கீறிய கண்ணில் தாய்ப்பாலும் விளக்கெண்ணெயும் இடுவது, பூஞ்சைப் புண்ணுக்கு விருந்து வைப்பதாகும்.

மருந்துக் கடையில் கேட்டு வாங்கும் சொட்டு மருந்துகளைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். கண் சிவப்புக்கும் அரிப்புக்கும் கொடுக்கப்படும் சிலவற்றில் ஸ்டீராய்டு உண்டு. இட்டதும் அரிப்பு அடங்கும். ஆகவே மக்கள் அதை விரும்புகிறார்கள். மாதக் கணக்கில் தொடர்ந்தால் கண் அழுத்தம் ஏறும், புரை வரும். பள்ளிச் சிறுவர்களின் கண் அரிப்புக்கு இப்படி ஆண்டுக் கணக்கில் மருந்து இட்டு, பார்வை நரம்பு கெட்டு வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். பழைய சீட்டைக் காட்டி மீண்டும் அதே மருந்தை வாங்காதீர்கள்.

தம்பியின் கண்கள்

கிளாக்கோமா உள்ளவரின் உடன்பிறந்தாருக்கும் பிள்ளைகளுக்கும் அந்நோய் வரும் வாய்ப்பு மற்றவரைவிடப் பன்மடங்கு அதிகம். எனவே தையல்காரரிடம் குடும்பத்தாரை அழைத்து வரச் சொன்னோம். மூன்று முறை சொன்ன பின் அவருடைய தம்பி வந்தார். வயது 47, பேருந்து ஓட்டுநர். "எனக்குக் கண் நன்றாகத் தெரிகிறது டாக்டர். லைசென்ஸ் புதுப்பிக்கும்போதுகூட எல்லா எழுத்தையும் படித்துக் காட்டித்தான் கையெழுத்து வாங்கினேன். அண்ணன் விடவில்லை என்றுதான் வந்தேன்" என்றார். இரு கண்களும் 6/6. அழுத்தம் 26, 27. நரம்பில் தொடக்கநிலைத் தேய்வு. பக்கப் பார்வை ஏறத்தாழ முழுமையாக இருந்தது. இரவில் ஒரு துளி மருந்து எழுதிக் கொடுத்தோம். இப்போது அழுத்தம் 15-ஐ ஒட்டி நிற்கிறது. வண்டி ஓட்டிக்கொண்டிருக்கிறார்.

அவருக்கும் ஒரு சிக்கல் இருந்தது. மருந்து இட்டதால் பார்வையில் எந்த மாற்றமும் தெரியவில்லை என்று இரண்டாம் மாதம் நிறுத்திவிட்டார். இம்மருந்து பார்வையைக் கூட்டுவதற்கன்று, உள்ளதைக் குறையாமல் வைப்பதற்கு என்று அவருக்கு விளக்கிச் சொன்னவர் அவர் அண்ணன்தான். நாங்கள் சொன்னதைவிட அது எடுபட்டது. வீட்டில் யாருக்கேனும் இந்நோய் இருந்தால் நாற்பது வயதுக்கு முன்பே ஒருமுறை முழுப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். இல்லாதவர்களுக்கும் நாற்பதில் ஒருமுறை தேவை.

பரிசோதனைக்கு வரும்போது இப்போது அணியும் கண்ணாடியையும் பழைய கண்ணாடிகளையும், முந்தைய சீட்டுகளையும், உட்கொள்ளும் எல்லா மருந்துகளையும் கொண்டு வாருங்கள். ஆஸ்துமா இருந்தால் மறவாமல் சொல்லுங்கள். கிளாக்கோமாவுக்கான சில சொட்டு மருந்துகள் மூச்சிரைப்பை உண்டாக்கும். கண்மணியை விரிக்கும் மருந்து இட்டபின் நான்கு முதல் ஆறு மணி நேரம் அருகில் உள்ளவை மங்கலாகவும் வெயில் கூசுவதாகவும் இருக்கும். ஆகையால் இருசக்கர வாகனத்தை வீட்டிலேயே விட்டுவிட்டு, துணைக்கு ஒருவரை அழைத்துக்கொண்டு காலையிலேயே வாருங்கள். துணைக்கு வருபவர் உடன்பிறந்தவராக இருந்தால், அவருடைய கண்களையும் அன்றே பார்த்துவிடலாம்.